பார்படாஸில் நல்ல பீச் எது?

"பார்படாஸ் போறோம், நல்ல பீச்சா ஒண்ணு சொல்லுங்க"ன்னு கேக்கிறவங்ககிட்ட நான் திருப்பிக் கேக்கிறது ஒண்ணுதான். குளிக்கவா, பாக்கவா?

தீவு மொத்தமே சுமார் 34 கிலோமீட்டர் நீளம்தான். ஆனா ரெண்டு பக்கமும் ரெண்டு கடல். மேற்கே கரீபியன் கடல், பெரும்பாலும் குளம் மாதிரி. கிழக்கே அட்லாண்டிக், ஆப்பிரிக்கா வரைக்கும் நடுவில் தடுக்க எதுவுமே இல்லை. போஸ்ட்கார்டில் வருகிற பாத்ஷீபா இந்தக் கிழக்குப் பக்கம்தான். பாறையும் நுரையுமாக அப்படி ஒரு அழகு. போன முதல் வாரமே மயங்கிப்போய் முழங்கால் தண்ணியில் நின்னேன். காலுக்கடியில் மணலை உருவிக்கொண்டு ஒரு இழுப்பு பாருங்க... கரையில் ஒரு மீனவர் போட்ட சத்தத்தில்தான் திரும்பினேன். அது சர்ஃபிங் பண்றவங்க இடம், நமக்கில்லை. போதாததுக்கு 2011லிருந்து பல வருஷங்களில் சர்காஸம்ங்கிற பழுப்புப் பாசி வேற இந்தக் கரையில் குவிந்து நாறுகிறது.

குளிக்கணும்னா பிரிட்ஜ்டவுனை ஒட்டிய கார்லைல் பே. இல்லைன்னா தெற்கே ஆய்ஸ்டின்ஸ் பக்கம் மயாமி பீச். ஞாயித்துக்கிழமை உள்ளூர்க் குடும்பங்கள் சாப்பாட்டோட வந்து உக்காந்திருக்கும். ஊர்க்காரங்க தங்கள் பிள்ளைகளை இறக்கிவிடுகிற தண்ணிதான் நல்ல தண்ணி. இதைவிடப் பெரிய சர்டிபிகேட் கிடையாது. ஒண்ணு மட்டும் ஜாக்கிரதை: சிவப்பு பெயிண்ட் அடிச்ச மரத்தடியில் மழைக்குக்கூட ஒதுங்காதீங்க. அது மான்சினீல். இலையிலிருந்து சொட்டுகிற தண்ணி பட்டாலே தோல் கொப்பளிக்கும்.

இனி என் வயித்தெரிச்சல். பார்படாஸில் பீச் எல்லாமே பொதுச்சொத்து. ஆனா மேற்குக் கரையில் ரோட்டுக்கும் மணலுக்கும் நடுவில் ஹோட்டல், பங்களா, மதில். ஒரு இடத்தில் காவலாளி "தங்குறவங்க மட்டும்தான்"னு திருப்பி அனுப்பிட்டார். அதாவது மணல் என்னுது, மணலுக்குப் போற வழி மட்டும் என்னுது இல்லை! கொஞ்ச தூரம் தள்ளி இளநீர் விக்கிற அம்மாதான் ரெண்டு மதிலுக்கு நடுவே ஒரு சந்தைக் காட்டினாங்க. நுழைஞ்சு போனா அதே கடல், பைசா செலவில்லாம. "நான் சின்னப் பொண்ணா இருக்கிறப்ப இங்க ரோட்டிலிருந்தே கடல் தெரியும்"னாங்க.

பொதுன்னு சட்டம் சொன்னா மட்டும் போதாதுங்க, வழியும் இருக்கணும். அதனால, போனா அந்தச் சந்துகளை விசாரிச்சு அது வழியாவே நடங்க. ஆள் நடமாட்டம் இல்லாத பாதையை மூடுறது ரொம்பச் சுலபம்.