நாணய ஏலங்களில் ரிசர்வ் விலையை முன்கூட்டியே வெளியிடக் கோரும் மனு

பெறுநர்: செயலாளர், நுகர்வோர் விவகாரத் துறை, இந்திய அரசு, புது தில்லி.

வழி: மாவட்ட ஆட்சியர், திருவள்ளூர்.

அனுப்புநர்: மீஞ்சூர் ஒன்றியம், பழவேற்காடு ஏரிக்கரைக் கிராமங்களைச் சேர்ந்த பழங்காசு சேகரிப்பாளர்களின் சங்கம்.



பழவேற்காட்டுக்கும் காசுக்கும் உள்ள உறவு நானூறு ஆண்டுப் பழமை உடையது. 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடமாகப் பல பத்தாண்டுகள் இவ்வூர் இருந்தது. அவர்களின் நாணயச் சாலையும் இங்கே இயங்கியது. கம்பெனி முத்திரை பொறித்த அந்தச் சிறு செப்புக்காசுகள் இன்று ஏலப் பட்டியல்களில் இடம்பெறுகின்றன. அவற்றை வாங்கிச் சேர்க்க ஆசைப்படுகிறவர்களில் வலை கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், பள்ளி ஆசிரியர்களும் இருக்கிறார்கள். மண்ணுக்குள் கிடைக்கும் காசுகள் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி ஆட்சியரிடம் தெரிவிக்கப்பட வேண்டியவை; அவற்றைப் பற்றி இம்மனு பேசவில்லை. சேகரிப்பாளர் கைமாறி, முறையாக ஏலத்துக்கு வரும் காசுகளே இம்மனுவின் பொருள்.

ஏலக்கூடத்தில் நடப்பது இதுதான். பட்டியலில் ஒரு காசுக்கு 3,000 முதல் 5,000 ரூபாய் வரை மதிப்பீடு போட்டிருக்கும். ஏலம் 2,000இல் தொடங்கும். 2,200, 2,400 என்று ஏறி 3,600இல் நிற்கும். சுத்தியல் விழும் என்று கேட்டவர் காத்திருக்க, ‘விற்கவில்லை’ என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார்கள். விற்பவர் மனதில் 4,500 இருந்ததா, 6,000 இருந்ததா என்பது கேட்டவருக்குத் தெரியாது. ஒரு நாள் தொழிலை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்புகிறார். விற்பவருக்கோ, தன் காசுக்குச் சந்தை என்ன தரும் என்ற கணக்கு இலவசமாகக் கிடைத்துவிடுகிறது.

இதைவிடக் கவலை தருவது இடையில் வரும் கேட்புகள். ரிசர்வ் விலை, அதாவது இதற்குக் கீழே விற்பதில்லை என்று விற்பவர் வைக்கும் தொகை, மறைவாக இருக்கும்வரை, 2,400க்கு மேல் 2,600 கேட்டது எதிர்வரிசையில் இருந்த ஆளா, விற்பவர் சார்பில் ஏலக்காரரே சொன்ன தொகையா என்று பிரித்தறிய வழியில்லை. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவு இதைப் பற்றி மௌனமாக இல்லை. கேட்கும் உரிமை தனக்கும் உண்டு என்று விற்பவர் முன்பே அறிவிக்காவிட்டால், அவரோ அவருடைய ஆளோ ஏலம் கேட்பது சட்டவிரோதம். விலையை ஏற்றுவதற்காகப் போலியாகக் கேட்டிருந்தால் வாங்கியவர் அந்த விற்பனையை ரத்து செய்யலாம். ஆனால் ரிசர்வ் விலையைப் பொறுத்தமட்டில், ஏலம் அதற்கு உட்பட்டது என்று அறிவிக்கலாம் என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது. தொகையைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. போலிக் கேட்பைக் கண்டுபிடிக்க உதவும் ஒரே அளவுகோல் அந்தத் தொகைதான். அதுவே மறைவில் இருக்கிறது.

அரசு நடத்தும் ஏலங்களிலும் அரசு விதிகளுக்கு உட்பட்ட வங்கி ஏலங்களிலும் இப்படி மறைப்பதில்லை. கடன் கட்டாதவரின் வீட்டை வங்கி விற்கும்போது, எந்த விலைக்குக் கீழே விற்கப்படாது என்பதை 2002ஆம் ஆண்டு விதிகளின்படி பொது அறிவிப்பில் போட்டாக வேண்டும். நாளிதழைப் புரட்டினால் அந்த அறிவிப்புகளைத் தினமும் பார்க்கலாம். அலைக்கற்றை ஏலம் இன்னும் தெளிவான சான்று. 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 2016இல் அரசு வைத்த ரிசர்வ் விலை ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி ரூபாய்; யாரும் வாங்கவில்லை. 2021இல் 6,568 கோடியாகக் குறைத்தும் விற்கவில்லை. 2022இல் 3,927 கோடி என்று வைத்தபோது விற்றது. விலை அதிகம் என்பது ஊருக்கே தெரிந்ததால்தான் அதைப் பற்றி விவாதிக்கவும் திருத்தவும் முடிந்தது. மூடிவைத்த விலையை யாரும் விமர்சிக்கவும் முடியாது, திருத்தச் சொல்லவும் முடியாது.

ஏல நிறுவனங்கள் சொல்லும் மறுப்பையும் சங்கம் எண்ணிப் பார்த்தது. ரிசர்வ் விலையைச் சொன்னால் வாங்குகிறவர்கள் கூட்டுச் சேர்ந்து அதே விலையில் முடித்துவிடுவார்கள், குறைந்த விலையில் தொடங்கினால்தான் கூட்டம் சேரும் என்கிறார்கள். முதல் பயத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனாலும் தான் ஒப்புக்கொண்ட விலையிலேயே பொருள் விற்றால் விற்பவர் ஏமாந்ததாகச் சொல்ல முடியாது. இரண்டாவது வாதத்தை அமெரிக்கப் பொருளியலாளர்கள் இருவர் சோதித்தே பார்த்தார்கள். ஈபே தளத்தில் ஒரே மாதிரியான போக்கிமான் அட்டைகளை 50 இணைகளாக ஏலம் விட்டார்கள். ஒன்றுக்குக் குறைந்தபட்ச விலையை வெளிப்படையாக வைத்தார்கள். மற்றதற்கு அதே தொகையை ரகசிய ரிசர்வாக வைத்தார்கள். 2006இல் வெளியான முடிவின்படி, ரகசியமாக வைத்தவை குறைவாகவே விற்றன, விற்பவருக்கு வந்த பணமும் குறைவு. அட்டைக்கும் பழங்காசுக்கும் வேறுபாடு உண்டு என்றாலும், மறைத்தால் லாபம் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் கேட்கும் உரிமை வாங்குகிறவருக்கு இருக்கிறது.

வெளிநாட்டு அனுபவமும் எச்சரிக்கையாகவே இருக்கிறது. 1981இல் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நிறுவனம் எட்டு ஓவியங்களை ஏலம் விட்டது. ஒன்றுதான் விற்றது; மூன்று விற்றதாக அறிவித்தார்கள். 1985இல் உண்மை வெளிவந்தது, பொறுப்பில் இருந்தவர் பதவி விலகினார். அதன் பிறகு ஏல விதிகளை இறுக்கிய அந்நகரம், 2022இல் அவற்றை நீக்கிவிட்டது. இங்கே இன்னும் எழுதப்படாத விதியை எழுதும் வாய்ப்பு இத்துறையின் கையில் இருக்கிறது.

ஆகவே, ஒவ்வொரு காசின் ரிசர்வ் விலையையும் ஏலத்துக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பாகப் பட்டியலில் அச்சிட வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட வேண்டும். ஆரம்ப விலையையே ரிசர்வாக வைத்து ஏலம் நடத்தும் நிறுவனங்களுக்கு இதில் கூடுதல் வேலை ஏதும் இல்லை. தொகையை அச்சிட உடனே இயலாது என்றால், இடைக்கால ஏற்பாடாக, ரிசர்வ் விலை மதிப்பீட்டின் கீழ் எல்லையைத் தாண்டக் கூடாது. கேட்பு ரிசர்வ் விலையைத் தொட்டதும் கூடத்தில் உரக்கச் சொல்ல வேண்டும். விற்பவர் சார்பில் வரும் ஒவ்வொரு கேட்பையும் அப்படியே அடையாளம் சொல்லி அறிவிக்க வேண்டும். விற்காத காசுகளை முடிவுப் பட்டியலில் ‘விற்கவில்லை’ என்றே போட வேண்டும். அடுத்த ஏலத்துக்கு விலை கணிப்பவர்கள் அந்தப் பட்டியலைத்தான் நம்புகிறார்கள்.

இணையவழி ஏலங்களுக்குத் தனிக் கவனம் தேவை. ஒரு பொருளுக்கு இல்லாத வரவேற்பை இருப்பதாகக் காட்டுவதை, ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுக்கும் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் ஏற்கெனவே தடைசெய்துள்ளன. திரையில் தோன்றும் போலிக் கேட்பும் அதே ரகம்தான் என்று ஆணையம் தெளிவுபடுத்த வேண்டும்.

பழவேற்காடு ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைப் பாடு முறைப்படி ஊர் பார்க்கச் சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கும் ஊர்களைச் சேர்ந்தவர்கள் இச்சங்கத்தினர். அறிவிக்காத விதிக்குக் கட்டுப்பட்டுப் பணம் கட்டச் சொல்வதை அவர்களால் ஏற்க முடியவில்லை. இது குறித்துத் துறை ஏல நிறுவனங்களை அழைத்துப் பேசும்போது, வாங்குவோர் தரப்பாகச் சங்கத்தின் பிரதிநிதிகள் இருவரையும் அழைக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்