ஒலியால் எண்ணெய் எடுப்பது மாயமும் அல்ல, மீத்தேனும் அல்ல

பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உற்பத்தி குறைந்த எண்ணெய்க் கிணறுகளில் அல்ட்ராசவுண்ட் கருவியை இறக்கி மறுபடி எண்ணெய் எடுக்கிறார்கள் என்றால், எங்கள் டெல்டா பக்கம் இரண்டு குரல் கேட்கிறது. ஒன்று, "இது அடுத்த மீத்தேன் திட்டம்". மற்றொன்று, "விஞ்ஞானம் வந்தாச்சு, இனிக் கவலையே இல்லை". இரண்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை.

பூமிக்குள் எண்ணெய் குளம்போலக் கிடப்பதில்லை. மணற்பாறையின் நுண்துளைகளில், நனைந்த செங்கல்லில் தண்ணீர் இருப்பதுபோல இருக்கிறது. உலக அளவில் பார்த்தால், ஒரு வயலில் உள்ள எண்ணெயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மேலே வருகிறது. நாளாக ஆக, கிணற்றை ஒட்டிய துளைகளில் மெழுகு, தார் போன்ற கசடு, களிமண் எல்லாம் படிந்து வழியை அடைத்துவிடும். வழக்கமாக அமிலம் செலுத்திக் கரைப்பார்கள்.

ஒலி இதைச் செய்வது எப்படி? கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடியைச் சிறு தண்ணீர்த் தொட்டியில் போட்டு அழுக்கு எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். பல் டாக்டர் காறை எடுப்பதும் அதே வித்தைதான். நொடிக்கு 20,000 அதிர்வுக்கு மேல் போனால் நம் காதுக்குக் கேட்காது. ஆனால் திரவத்தில் நுண்குமிழிகள் தோன்றித் தோன்றி உடையும். அந்த உதறலில் படிவு பெயர்கிறது. அமிலம் வேண்டாம், பாறையைப் பிளக்க வேண்டாம். எனக்குப் பிடித்தது இதுதான். ரஷ்யாவில் மேற்கு சைபீரியக் கிணறுகளில் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

ஆனால் இவ்வளவு வேகமான அதிர்வு பாறையில் வெகுதூரம் போகாது. கிணற்றைச் சுற்றிய சிறு வளையத்தைத்தான் சுத்தம் செய்யும். அழுத்தமே வற்றிய கிணற்றுக்கும், எண்ணெய்க்குப் பதில் தண்ணீராக வரும் கிணற்றுக்கும் இது பயன்படாது. அடைப்புக்கான மருந்தைச் சோகைக்குக் கொடுத்துப் பலன் இல்லை என்றால் எப்படி? படிவு மறுபடி சேரும், பலனும் குறையும்.

நம் நாடு கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறது. எடுக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். டெல்டாவில் புதுக் கிணறு தோண்ட 2020-ஆம் ஆண்டின் வேளாண் மண்டலச் சட்டம் தடை போடுகிறது. ஏற்கெனவே நடக்கும் பணிகளை அது தொடவில்லை. அப்படியானால், நெல் வயலில் புதிதாகத் துளை போட அனுமதி கேட்பதற்கு முன், இருக்கிற கிணற்றைச் சுத்தம் செய்து பார்ப்பதுதானே முறை?

ஒரு நிபந்தனை. எந்தக் கிணறு, முன்பு நாளுக்கு எவ்வளவு, ஆறு மாதம் கழித்து எவ்வளவு, பெயர்ந்து வந்த கசடு எங்கே போனது? இந்த நான்கையும் தமிழில் எழுதி கிராம சபையில் வைக்க வேண்டும். கசடுக் கணக்கை மறக்காமல் கேளுங்கள். வயலுக்கு வருவது அதுதான்.

என்னிடம் படித்தவர்களில் எண்ணெய்த் துறையில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், கருவியை நேரில் பார்த்திருந்தால், கீழே எழுதுங்கள்ப்பா.