பொட்டலம் கொடுத்த பிறகு

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பிராட்வே நடைபாதைக் குடும்பங்களுக்குப் பிரியாணிப் பொட்டலம் கொடுத்துவிட்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பும் பிளஸ் டூ மாணவர்களை நான் கேலி செய்யப் போவதில்லை. அந்த வயதில் அந்தத் தெருவுக்கு வருவதே பெரிய விஷயம். ஆனால் அங்கே சோறு மட்டும்தானா இல்லை?

என் ஆய்வுக்காகப் பேசும்போது அந்தப் பெண்கள் முதலில் சொல்வது கழிப்பறையைத்தான். ஒவ்வொரு முறையும் காசு. குளிக்கத் தனிக் காசு. விடிவதற்குள் துணி மாற்றியாக வேண்டும். நகரங்களில் 1 லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இருக்கும் காப்பகங்களோ பெரும்பாலும் ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி. புருஷன், பிள்ளைகளோடு எங்கே போய்ப் படுப்பது?

அடுத்தது காகிதம். நான் பேசிய குடும்பங்களில் பெரும்பாலானவை தலித் குடும்பங்கள். மூன்று தலைமுறையாக ஒரே நடைபாதையில் இருந்தாலும் அது முகவரி ஆவதில்லை. அதனால் குடும்ப அட்டைக்கு அலைச்சல், சாதிச் சான்றிதழுக்கு அதைவிட அலைச்சல். சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு உதவித்தொகையும் இல்லை, இடஒதுக்கீடும் இல்லை.

தம்பி, தங்கைகளே, உங்களுக்கு இணையத்தில் விண்ணப்பம் நிரப்பத் தெரியும். ஒரே ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு, சான்றிதழ் கைக்கு வரும்வரை வட்டாட்சியர் அலுவலகத்துக்குக் கூடவே போங்கள். (அங்கே உங்களை உட்காரச் சொல்வார்கள், அந்த அம்மாவை நிற்க வைப்பார்கள். அதையும் பாருங்கள்.) அலைந்து திரும்பியதும் அந்த அம்மா டீ போட்டுக் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். பொட்டலம் கொடுக்க வரும் பிள்ளைகள் பலர் அங்கே தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.