தேசாதிபதி மிச்செலும் பிஜித்தீவுக் கரும்பு வழக்கும்

பசிபிக் சமுத்திரத்துப் பிஜித்தீவுகளை 1942 முதல் 1944 வரை ஆண்ட ஆங்கிலத் தேசாதிபதி சேர் பிலிப் மிச்செல் திறமை மிக்க நிருவாகி என்பதை யாமும் மறுப்பதற்கில்லை. யூகண்டாவில் தேசாதிபதியாயிருந்து அனுபவம் முதிர்ந்தவர். அவர் பிஜிக்கு வந்த ஆண்டிலேயே குவாடல்கனாலில் பெரும் போர் மூண்டது. மேற்குப் பசிபிக்கின் உயர் ஆணையாளர் பதவியும் அவருடையதே ஆதலின், சொலமன் தீவுகளின் சுமையும் அவர் தலைமேல் வீழ்ந்தது. ஆயினும் 1943ஆம் ஆண்டுக் கரும்பு வழக்கில் அவர் கைக்கொண்ட நெறி நீதியானதென்று கொள்ள எமது மனம் இசையவில்லை.

வழக்கின் வரலாறு இது. 1879 முதல் 1916 வரை அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கு கொண்டுசெல்லப்பட்டனர். 1903இன் பின்னர்ச் சென்றோருள் நம் தமிழரும் பலர். ஒப்பந்தம் ஒழிந்தபின் அவர்கள் சிறு நிலங்களைக் குத்தகைக்கு எடுத்துக் கரும்பு பயிரிட்டனர். கரும்பை வாங்குவதற்கோ அவுஸ்திரேலியக் கொம்பனி ஒன்றே இருந்தது; 1926 முதல் ஆலைகள் அனைத்தும் அதன் கையில். விற்பவர் பல்லாயிரவர், வாங்குபவர் ஒருவர் என்றால் விலையை எவர் நிருணயிப்பார் என்பதை மாணவரும் அறிவர்.

யுத்தத்தால் பண்டங்களின் விலை ஏறிற்று. கரும்பின் விலையையும் உயர்த்துக என்று கமக்காரர் கேட்டனர், கொம்பனி மறுத்தது, அவர்கள் அறுவடையை நிறுத்தினர். முன்னின்றவர் இருவர்: வழக்கறிஞர் ஏ. டி. பட்டேல், இராமகிருஷ்ண மடத்துத் துறவியாகிய சுவாமி ருத்திரானந்தர். (காவியுடுத்தவருக்குக் கரும்பு விலையில் என்ன வேலை என்று வினவுவோர் அன்றும் இருந்தனர், பசித்தவன் பக்கம் நிற்பதும் துறவறமே என்பது எமது கருத்து.) தேசாதிபதி இதனை யுத்த முயற்சிக்குக் கேடென்று கருதி, பாதுகாப்புச் சட்டங்களின்கீழ் அவ்விருவரின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தினார். 1944 தொடக்கத்தில் கமக்காரர் கேட்ட விலை பெறாமலே மீண்டும் கத்தியை எடுத்தனர்.

தேசாதிபதியின் பக்கம் நின்று பேசுவோர், பிஜியின் ஆதிக்குடிகள் போர்முனையில் இரத்தம் சிந்தியபோது இந்தியர் படையிற் சேராது ஒதுங்கினர் என்பர். ஆதிக்குடிகளின் வீரம் பெரிது. 1944இல் பூகன்வில் தீவில் தோழரைக் காக்க உயிரீந்த செபனையா சுகனைவாலுவுக்கு விக்டோரியாச் சிலுவை அளிக்கப்பட்டது. ஆனால், ஐரோப்பியப் படைவீரருக்குச் சமமான சம்பளம் கேட்டு மறுக்கப்பட்டபின்னரே இந்தியர் ஒதுங்கினர். அந்தப் பிணக்கு மிச்செல் வருமுன்னரே தொடங்கியது. அதனைக் கரும்பு விலையோடு பிணைத்தல் தகுமோ? இராசவிசுவாசம் வேறு, ஒரு கொம்பனியின் இலாபம் வேறு. தேசாதிபதியாயிருப்பவர் இவ்விரண்டையும் பிரித்தறிந்திருத்தல் வேண்டும். ஆலைக்கும் வயலுக்கும் நடுவே நிற்கவேண்டியவர் ஆலையின் வாயிலிலே நின்றுவிட்டார்.

மிச்செல் பின்னர்க் கென்யாவுக்குத் தேசாதிபதியாகச் சென்றார். பட்டேல் வழக்கை விடவில்லை. 1969இல் டெனிங் பிரபுவின் முன்னிலையில் கமக்காரருக்காக வாதாடினார். 1970இல் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது. 1973இல் கொம்பனி பிஜியை விட்டு நீங்கிற்று. தீர்ப்பைக் கேட்கப் பட்டேல் இருக்கவில்லை. 1969 ஒக்டோபரிலேயே காலமாகிவிட்டார்.