துப்பாக்கி நுனியில் ஒரு மணி

அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. வான்கோழி சுடும் ஷாட்கன் துப்பாக்கியின்மேல் ஸ்கோப் எனப்படும் தொலைநோக்கிக் கண்ணாடியைப் பொருத்துவதா, குழல்மீதுள்ள குறியை வெறும் கண்ணால் பார்த்தே சுடுவதா என்பதே அது. திருவொற்றியூரிலும் இராயபுரத்திலும் வசித்துக்கொண்டு, ஞாயிறு காலைகளில் எண்ணூர்க் கழிமுகத்துக்குப் பறவை பார்க்கப் போவதைத் தவிர வேறெந்த வேட்டையும் அறியாத எங்களுக்கு இந்த வழக்கில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது என்றே எண்ணுகிறோம். ஒரு கட்சியில் சேர்ந்து பேசவும் விரும்புகிறோம்.

நம் இலக்கியத்தில் வான்கோழிக்கு நல்ல பெயர் இல்லை. மூதுரையின் புண்ணியத்தால் அது மயிலைப் பார்த்து ஆடப்போய் இகழப்பட்ட பறவை. (போகிற போக்கில் ஒன்று: இன்று நாம் வான்கோழி என்று அழைப்பது அமெரிக்கக் கண்டத்துப் பறவை, கொலம்பசுக்கு முன்னால் அது இங்கு வந்திருக்க வழியில்லை. ஆகவே ஒன்று அந்தப் பாடலின் காலத்தைக் கீழே இறக்கவேண்டும், அல்லது பாடலில் வருவது வேறொரு பறவை என்று கொள்ளவேண்டும். புலவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும்.) ஆனால் காட்டு வான்கோழி ஏமாளியல்ல. மிகக் கூர்மையான பார்வை அதற்கு. வசந்த காலத்தில் வேட்டைக்காரன் மரத்தடியில் அசையாமல் அமர்ந்து, பெட்டையின் குரலைப் போலிசெய்து, சேவலைச் சிறிது சிறிதாக அருகே வரவழைக்கிறான். வித்தை முழுவதும் அந்த அழைப்பில் இருக்கிறது.

ஷாட்கன் உண்மையில் குறிபார்த்துச் சுடுவதற்கென்று பிறந்த கருவியன்று. பறக்கும் வாத்தை நோக்கி, இரண்டு கண்களையும் திறந்துவைத்துக்கொண்டு, விரலால் சுட்டிக்காட்டுவதுபோல் நீட்டிச் சுடுவது அது. குழலின் நுனியில் பட்டாணியைவிடச் சிறிய உலோக மணி ஒன்று இருக்கும். பின்னால் வேறு குறி இராது. சுடுபவனின் கண்தான் பின்குறி. நூற்றுக்கணக்கான ரவைகள் விரிந்து போவதால் சிறு பிழை மன்னிக்கப்பட்டுவிடும். வான்கோழியோ தரையில் நிற்பது. அதன் தலையும் கழுத்தும் மட்டுமே இலக்கு. அதற்காகக் குழல்வாயைக் குறுக்கி, ரவைகளை நெருக்கமாக அனுப்புகிறார்கள். மிக அருகில் வந்துவிட்ட பறவையிடம் அந்த ரவைக்கூட்டம் கைப்பிடியளவுகூட விரிந்திருக்காது. ஆகவே இங்கே மட்டும் ஷாட்கன்னை ரைபிள்போல் குறிபார்த்தாக வேண்டியிருக்கிறது.

கண்ணாடிக் கட்சியினரின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. மனிதக் கண் ஒரே சமயத்தில் ஒரு தொலைவை மட்டுமே தெளிவாகக் காணும். பின்குறியின் பிளவு, முன்குறி, இலக்கு என மூன்று தொலைவுகளை ஒரு கோட்டில் கொண்டுவரச் சொல்வது நாற்பதைத் தாண்டிய கண்ணுக்குக் கொடுமை. கண்ணாடியோ இலக்கையும் குறுக்குக்கோட்டையும் ஒரே தளத்தில் காட்டிவிடுகிறது. எங்களில் மூவர் வெள்ளெழுத்துக்காரர்கள்; இந்த வாதத்தின் வலிமை எங்களுக்குப் புரியாமல் இல்லை. மங்கிய விடியலில் சேவலா பெட்டையா என்று தெரிந்துகொள்ளவும் அது உதவுகிறது.

ஆயினும் திறந்த குறியின் பக்கமே எங்கள் வாக்கு. முதலாவது, கண்ணாடி பெரிதாக்கிக் காட்டுவதற்குத் தரும் விலை, சுற்றுப்புறத்தை மறைப்பது. பறவைக்குப் பின்னாலிருக்கும் புதரில் இன்னொரு வேட்டைக்காரன் அமர்ந்திருக்கலாம். அவனும் பச்சை உடுத்தி, பெட்டையின் குரலில் அழைத்துக்கொண்டிருப்பான். இரண்டாவது, தொலைவு. நாற்பது கஜமே எல்லை என்று பழைய தலைமுறை நினைத்தது. அடர்த்தி மிக்க டங்ஸ்டன் ரவையும் கண்ணாடியும் சேர்ந்தபின் அந்த எல்லை நழுவிக்கொண்டிருக்கிறது. தொலைவிலேயே சுட முடியுமென்றால் அருகே அழைக்கும் வித்தை எதற்கு?

இந்த வித்தையை நம் பக்கத்தில் அறிந்திருந்தவர்கள் நரிக்குறவர்கள். குழலின் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி அவர்களுடையது. ஒருமுறை சுட்டால் மறுமுறைக்கு மீண்டும் கெட்டிக்க வேண்டும். அதற்குள் கூட்டம் பறந்துவிடும். ஆகவே கண்ணிவைக்கவும், குரல் கொடுக்கவும், பதுங்கி நெருங்கவும் தெரிந்தாக வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991-இல் அதற்கு வந்த திருத்தமும் வேட்டையின் கதவை ஏறக்குறைய முழுமையாகச் சாத்தின. சாத்தியது சரியே. ஆனால் அந்தக் கதவோடு ஒரு சமூகத்தின் பறவையறிவும் வெளியே தள்ளப்பட்டதைப் பற்றி நம் இயற்கை எழுத்தாளர்கள் அதிகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறவே 2022 டிசம்பர் ஆயிற்று.

துப்பாக்கி ஓய்ந்த இடத்துக்குப் பைனாகுலரும் காமிராவும் வந்தன. சாலிம் அலியின் வாழ்க்கையே இந்த மாற்றத்தின் கதை. சிறுவனாக ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டு, அது என்ன குருவி என்று கேட்கப்போன இடத்தில் பறவையியல் தொடங்கியது. அந்தக் குருவியின் பெயரிலேயே அவர் தன்வரலாற்றை 1985-இல் வெளியிட்டார். ஆனால் கையில் இருப்பது எதுவானாலும் வழக்கு மாறவில்லை. கண்ணாடியா, திறந்த கண்ணா?

இனி எங்கள் தவற்றைச் சொல்லவேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளாக எண்ணூரில் நாங்கள் எடுத்த படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எல்லாம் நீண்ட லென்சுகளால் எடுத்தவை. கூழைக்கடாவின் அலகுப் பையில் உள்ள நரம்புகளைக்கூட எண்ணலாம். சென்ற ஆண்டு கழிமுகத்து மீனவ நண்பர் ஒருவர் வந்து, சாம்பல் படிவதற்கு முன்னால் குறிப்பிட்ட ஒரு சேற்றுத் திட்டு எப்படியிருந்தது என்று காட்டும் படம் உண்டா என்று கேட்டார். மனு ஒன்றோடு இணைக்க வேண்டுமாம். இரண்டு இரவுகள் தேடினோம். அந்தத் திட்டில் நின்ற பறவைகளின் படங்கள் முந்நூற்றுக்கு மேல் கிடைத்தன. திட்டு ஒன்றில்கூட இல்லை. பின்புலம் முழுவதும் இனிமையான பச்சை மங்கல். அதைத்தான் நாங்கள் அழகு என்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டிருந்தோம். எங்கள் பூநாரைப் படத்தைப் பார்த்த வெளியூர் அன்பர் ஒருவர் எந்தத் தீவு என்று வினவியபோது பெருமைப்பட்டதையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையேறியது. அதை வாளிகளில் அள்ளியதை ஊரே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் கழிமுகத்தில் பரவி, கூழைக்கடாக்களின் வெண்மார்பைக் கறுப்பாக்கியது. அப்போதும் வெளியான படங்கள் பலவற்றில் பறவை மட்டுமே இருந்தது. அது எங்கே நின்றது, எந்தக் கால்வாய் வழியே எண்ணெய் அதனிடம் வந்தது என்பது சட்டத்துக்கு வெளியே விடப்பட்டது.

கட்டுமரத்துக்காரர்களின் குறி வேறு வகை. கடலில் மீன்படும் பாரை அடையாளம்கொள்ள, கரையிலுள்ள இரண்டு பொருள்களை அவர்கள் ஒரே கோட்டில் பொருத்துவார்கள். கோபுரம், பனைத்தோப்பு, தேவாலயம், பின்னாளில் ஆலைப் புகைபோக்கி. மறுதிசையில் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடம் பார். துப்பாக்கியின் முன்குறியும் பின்குறியும் செய்வதும் இதேதான். வேறுபாடு, இங்கே ஊரே குறியாகி நிற்கிறது. ஜி.பி.எஸ். கருவி வந்தபின் இந்தப் பழக்கம் தளர்ந்துவருகிறது. கருவி துல்லியமானது, மறுக்கவில்லை. ஆனால் கரை மாறியதை அது சொல்லாது. புகைபோக்கி ஒன்று புதிதாக எழுந்தால், தோப்பு ஒன்று மறைந்தால், குறிபார்ப்பவனுக்கு அன்றே தெரிந்துவிடும்.

லென்சுகளை விற்றுவிடச் சொல்லவில்லை. நாங்களும் விற்கப்போவதில்லை, ஒருவர் இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார். முதல் அரைமணி நேரம் அவற்றைப் பையிலேயே வைத்திருப்பது என்று மட்டும் முடிவு செய்திருக்கிறோம். அந்த நேரத்தில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்திலிருந்து, கைப்பேசியால், கரையும் குழாய்களும் வலைகளும் தெரிய அகலமான படம் ஒன்று எடுப்பது, தேதியைக் குறிப்பது.

முதல் படம் போன ஞாயிறு எடுத்தோம். கூழைக்கடாக்கள் எள்ளளவாகத் தெரிந்தன. பதினொன்று என்று எண்ணினோம். இடுப்பளவு நீரில் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் தலையை நிமிர்த்தாமலே, "பன்னண்டு கீதுபா, நல்லா பாரு" என்றார். வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். பன்னிரண்டாவது, சாம்பல் குழாயின் நிழலில் நின்றிருந்தது.