அரைப் பேர்

ஒவ்வொரு டிசம்பரிலும் அந்த வருடத்தில் எனக்குப் பிடித்த ஆல்பங்களைப் பட்டியல் போடுவேன். 2024-க்குப் போட்டதில் முதல் நான்கு இடங்கள் சிரமமில்லாமல் நிரம்பின. பியான்சேயின் 'கவ்பாய் கார்ட்டர்', சார்லி எக்ஸ்சிஎக்ஸின் 'பிராட்', பில்லி ஐலிஷின் 'ஹிட் மீ ஹார்ட் அண்ட் சாஃப்ட்', டோச்சியின் 'அலிகேட்டர் பைட்ஸ் நெவர் ஹீல்'. நான்கும் பெண்களின் பெயரில் வந்தவை. பின்னணியில் ஆண்கள் வேலை செய்திருக்கிறார்கள். ஆனால் அட்டையில் இருப்பது அவளுடைய பெயர், பாட்டில் பேசுவது அவளுடைய கோபம், ஆசை, அலுப்பு.

அடுத்துத் தமிழுக்கு வந்தேன். எழுதியதெல்லாம் ஆண் பெயர்கள். இசையமைப்பாளர் ஆண், பாட்டு எழுதியவர் ஆண், பாட்டை 'தன்னுடைய பாட்டு' என்று ரசிகர்கள் கொண்டாடும் கதாநாயகன் ஆண். பெண் குரல் இல்லாத தொகுப்பு எதுவும் இல்லை. பெண் பெயரில் ஒரு தொகுப்பும் என் நினைவுக்கு வரவில்லை. என் ரசனைதான் குறைபாடு என்று சொல்லிவிடுவது எளிது. நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எங்கள் ஊர் நெல்லியாளம், பந்தலூர் தாலுகா. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கைத் தோட்டங்களில் இருந்த 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று இரண்டு அரசுகள் முடிவு செய்தன. அவர்களைக் கேட்கவில்லை. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்கத்தான் இந்த மலையில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் போடப்பட்டன. இன்றைக்கும் எங்களை 'சிலோன்காரங்க' என்றுதான் சொல்வார்கள். சிலோனிலிருந்து எங்கள் பாட்டிமார் கொண்டுவந்த சொற்களில் ஒன்று 'பேர்'. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குக் கணக்கில் விழுவது ஒரு பேர். சொன்ன நிறைக்குக் கொழுந்து வராவிட்டால் அரைப் பேர். நாள் முழுக்க மழையில் நின்றிருப்பாள், அட்டை கடித்திருக்கும், கூடை பாதிக்கு மேல் நிறைந்திருக்கும். ஆனாலும் அரைப் பேர். பெயரும் கூலியும் ஒன்றே என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சொல்லை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

தமிழ்ப் பாட்டில் பெண்ணுக்கு விழுவது அரைப் பேர்.

'எஞ்சாயி எஞ்சாமி' 2021 மார்ச்சில் வந்தது. பாடியவர்கள் தீயும் அறிவும், இசை சந்தோஷ் நாராயணன், வெளியிட்டது மாஜா என்ற நிறுவனம். அந்தப் பாட்டுக்குப் பின்னால் இருப்பவர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பி வந்தவர். இந்த மலையில் அந்தப் பாட்டைக் கேட்டவர்களுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. அது எங்கள் வீட்டுக் கதை. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. எதிர்ப்பு வந்த பிறகு அறிவுக்குத் தனியாக ஓர் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு மேடையில் இல்லை. யார் எதைச் செய்தார் என்பதில் மூவரும் சொன்னது ஒன்றல்ல.

ஒரு தலித் கலைஞனின் பெயர் அடிபட்டபோது கேள்வி எழுப்பியது நியாயம். அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் அந்தக் கோபம் எங்கே போய் இறங்கியது? இளம் பெண்ணான தீயின் மேல். அட்டையை முடிவு செய்தவர்கள், மேடையை முடிவு செய்தவர்கள், காசைக் கையில் வைத்திருந்தவர்கள் யாரும் அந்த அளவுக்குத் திட்டு வாங்கவில்லை. 2024 மார்ச்சில், மூன்று வருடமாகியும் எங்கள் மூவருக்கும் ஒரு பைசா வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே அறிவித்தார். கோடிக்கணக்கான தடவை ஓடிய பாட்டு அது. நிறுவையில் கை வைத்திருப்பவனை விட்டுவிட்டுப் பக்கத்துக் கூடைக்காரியோடு சண்டை போடுவது தோட்டத்தில் எங்களுக்குப் பழகிய விஷயம். கங்காணிக்கு அதுதான் வசதி.

இன்னொன்றையும் யாரும் கேட்கவில்லை. அந்தப் பாட்டுக்குள் ஒப்பாரி இருக்கிறது. ஒப்பாரி பெண்கள் கட்டிய வடிவம். எழவு வீட்டில் கட்டிப் பிடித்து உட்கார்ந்து, செத்தவரின் வரலாற்றையும் தன் வாழ்க்கையின் குறையையும் ஒரே மூச்சில் வரிவரியாகக் கட்டிச் சொல்லும் வித்தை அது. எழுத்தும் மெட்டும் அவளுடையது. அதற்கு நாம் வைத்த பெயர் 'அழுகை'. அதையே ஒருவர் ஸ்டூடியோவில் பதிவு செய்தால் 'படைப்பு'. அறிவு தன் தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்று பெயர் வைத்தார். பாட்டியின் பெயரை முன்னால் போட்டது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பேரன் நன்றியுள்ளவனாக இருந்தால்தான் பாட்டிக்குப் பெயர் என்பது ஒரு ஏற்பாடாகாது.

எங்களுக்கு வெகு தொலைவில் இல்லாத அட்டப்பாடியில் நஞ்சம்மா இருக்கிறார். இருளர் பெண். 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் தன் மொழியிலேயே பாடியதற்கு 2022-இல் தேசிய விருது அறிவிக்கப்பட்டது. உடனே ஒரு கேள்வி வந்தது: முறைப்படி சங்கீதம் படிக்காதவருக்கு எப்படிக் கொடுக்கலாம்? அவர் குரலை வைத்துப் படம் ஓட்டியபோது அந்தக் கேள்வி வரவில்லை. பெயர் விழும்போதுதான் வந்தது.

இதைச் சாதியோடு மட்டும் முடித்துவிடவும் முடியாது. பவதாரிணி இளையராஜாவின் மகள். 'பாரதி' படப் பாட்டுக்குத் தேசிய விருது வாங்கியவர். ரேவதி 2002-இல் பெண் தொழில்நுட்பக் கலைஞர்களை வைத்து எடுத்த 'மித்ர், மை ஃபிரெண்ட்' படத்துக்கு இசையமைத்தவர். 2024 ஜனவரியில் அவர் இறந்தபோது எத்தனை பேர் அவரை இசையமைப்பாளர் என்று எழுதினார்கள்? மகள், தங்கை, குயில் என்றுதான் எழுதினார்கள். அதே வருடம் 'கோட்' படத்தில் செயற்கை நுண்ணறிவால் அவர் குரலைத் திரும்ப உண்டாக்கிப் பாட வைத்தார்கள். தம்பியின் பாசம் என்று எல்லோரும் கண் கலங்கினார்கள். பாசத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஒரு பெண்ணின் குரல் அவள் போன பிறகும் நமக்கு வேண்டியிருக்கிறது, அவள் போட்ட மெட்டுகள் வேண்டியிருக்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

'பாட்டைப் பாட்டாகக் கேளுங்கள், எதற்கெடுத்தாலும் பெண்ணியமா?' என்று கேட்பவர்களுக்கு: பாட்டு எங்களைப் பாட்டாக விட்டதில்லை. தமிழில் 'ஆல்பம் சாங்' என்றால் சினிமாவுக்கு வெளியே வரும் ஒற்றைப் பாட்டு. இயக்குநர், தயாரிப்பாளர் தொல்லை இல்லாத அந்தச் சுதந்திரத்தை வைத்துப் பையன்கள் என்ன செய்தார்கள்? 'கிளப்புல மப்புல' வந்தது, பெண் என்ன உடுத்தணும், என்ன குடிக்கக் கூடாது என்று பாடம் நடத்த. 2015 டிசம்பரில் 'பீப் சாங்' கசிந்து மாதர் அமைப்புகள் தெருவுக்கு வரவேண்டியிருந்தது. காதலை மறுத்த பெண்ணைத் திட்டும் பாட்டு தனி வகையாகவே வளர்ந்து, 'சூப் பாய்ஸ்' என்று பெயரும் வாங்கியது. மறுத்த பெண்ணுக்கு ஒரு வகையும் இல்லை, ஒரு பாட்டும் இல்லை.

'மக்கள் கேட்பதுதான் மேலே வருகிறது, எண்ணிக்கை பொய் சொல்லாது' என்பார்கள். எங்கள் லைன் வீடுகளுக்கு வந்து பாருங்கள். நெட் இருக்கும் போன் மகனிடம் அல்லது வீட்டுக்காரரிடம் இருக்கும். அவள் அடுப்படியில் நின்று கேட்கும் பாட்டும் அவன் கணக்கில்தான் ஏறும். கோயில் திருவிழா ஸ்பீக்கரிலும் பஸ்ஸிலும் கேட்பது எந்தக் கணக்கிலும் ஏறாது. இந்த வட்டாரத்துப் பணியர் பெண்கள் நாற்று நடும்போது துடியும் குழலும் ஒலிக்கும். அது வயலோடு முடிந்துவிடும். எண்ணிக்கை பொய் சொல்லாமல் இருக்கலாம். எண்ணாததைப் பற்றி அது வாயே திறக்காது.

வெளிநாட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. 1999-இல் லாரின் ஹில்லுக்குப் பிறகு 'வருடத்தின் சிறந்த ஆல்பம்' கிராமி ஒரு கறுப்பினப் பெண்ணுக்குக் கிடைக்க 2025 பிப்ரவரி வரை, பியான்சே வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் அங்கே தகராறு அவளுக்குப் பரிசு உண்டா இல்லையா என்பது. இங்கே இன்னும் தொகுப்பே அவள் பெயரில் இல்லை. மாதங்கி அருள்பிரகாசம் என்ற தமிழ்ப் பெண் 2007-இல் தன் ஆல்பத்துக்குத் தன் அம்மாவின் பெயரையே வைத்து, 'கலா' என்று வெளியிட்டார். உலகம் கேட்டது. அவருக்கு அதற்கு லண்டன் தேவைப்பட்டது.

இதைப் படிக்கும் மாணவிகளிடம் ஒன்று கேட்கிறேன். உங்களுக்குப் பிடித்த பாட்டுகளைப் பட்டியல் போடுங்கள், தயங்காமல் போடுங்கள். ரசிகையாக இருப்பது வெட்கப்பட வேண்டிய விஷயமல்ல. ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் மூன்றை மட்டும் சேர்த்து எழுதுங்கள்: பாடியது யார், மெட்டும் சொல்லும் எந்த வீட்டிலிருந்து வந்தது, காசு யாருக்குப் போனது. மூன்றாவதற்குப் பதில் கிடைக்காது. கேட்டுக்கொண்டே இருங்கள். உங்கள் பாட்டி பாடுவதைப் பதிவு செய்தால் கோப்புக்கு 'நாட்டுப்புறப் பாட்டு' என்று பெயர் வைக்காதீர்கள். அவர் பெயரை வையுங்கள், முழுப் பெயரை.