ஏரிக்கரை வாழ்வு: நலமா, நலிவா?

நீர்நிலையைச் சார்ந்து ஊர் அமைத்தல் தமிழரின் தொன்மரபு. ஆறில்லாத ஊர்களில் மருத வளத்தை உண்டாக்கியவை ஏரிகளே. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஊராட்சிக் குழுக்களுள் ஒன்றாக 'ஏரி வாரியம்' விளங்கியதைக் கூறுகின்றன. ஏரியைப் பேணுவதற்கென்றே குடவோலை வழியாக உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தனர் நம் முன்னோர்.

இன்றோ ஏரிக்கரை, வீட்டுமனை விளம்பரத்தின் கவர்ச்சிச் சொல்லாகிவிட்டது. வளைகுடா நாடுகளில் பல்லாண்டு உழைத்து ஈட்டிய பொருளை ஒரே மனையில் முடக்குவோர் நம்மிடையே பலர். அவர்களுக்கு ஏரிக்கரை வாழ்வு நலமா நலிவா என்பது வெறும் பட்டிமன்றத் தலைப்பன்று. வாழ்நாள் சேமிப்பின் கேள்வி.

நலங்களை முதலில் காண்போம். ஏரி நிறைந்தால் அண்டையிலுள்ள கிணறுகள் ஊறும். கோடையிலும் காற்றில் தண்மை இருக்கும். கொக்கும் நாரையும் வந்திறங்கும் காட்சி குழந்தைகளுக்குக் கிடைக்கும் இலவசக் கல்வி. இவற்றை யாரும் மறுப்பதற்கில்லை.

நலிவுகளும் உண்டு. கொசுவும் பாம்பும் வரும். கழிவுநீர் கலந்துவிட்டால், எந்தக் காற்றுக்காக வீடு கட்டினோமோ அந்தக் காற்றுக்கே சாளரத்தை மூட நேரும். எல்லாவற்றினும் பெரிது வெள்ளம்.

ஆனால் வெள்ளத்திற்கு ஏரியைப் பழித்தல் முறையன்று. ஏரியின் அமைப்பை எண்ணிப் பார்க்க வேண்டும். அதன் தாழ்ந்த பக்கத்தில்தான் கரை உண்டு; மேட்டுப் பக்கத்தில் நிலம் மெல்லச் சரிந்து உயரும். மழை மிகும்போது நீர் அச்சரிவில் பரவும். வறண்ட ஆண்டுகளில் அதே இடம் வெற்று நிலமாய்த் தோன்றும். மிகுநீர் கலங்கல் வழியே வழிந்து அடுத்த ஏரிக்குச் செல்லும். அச்சரிவிலும், வரத்துக்காலிலும், கலங்கல் நீர் செல்லும் வழியிலும் வீடு கட்டுவோர் ஏரியின் கரையில் வாழவில்லை. அதன் வயிற்றில் வாழ்கின்றனர்.

சென்னையே இதற்குச் சான்று. மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920களில் எழுந்ததே தியாகராய நகர். ஏரி மறைந்தது, 'லேக் வியூ சாலை' என்ற பெயர் மட்டும் மேற்கு மாம்பலத்தில் எஞ்சியது. 2021 நவம்பர் மழையில் நீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்தது. 2015 டிசம்பரில் முடிச்சூர் மூழ்கியதும், வேளச்சேரி 2015இலும் 2023இலும் தத்தளித்ததும் நாம் அறிந்தவையே. அதே நகரம் 2019 கோடையில் குடிநீருக்காகக் குடங்களுடன் வரிசையில் நின்றது. நீருக்கு இடம் தராத ஊர், மழையில் மூழ்கும், கோடையில் தவிக்கும்.

ஆகவே மனை வாங்குவோர் பத்திரத்தை மட்டும் நம்பலாகாது. கிராம நிர்வாக அலுவலகத்தில் 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்த்து, அந்த இடம் என்ன வகைப்பாட்டில் உள்ளது என்று அறிய வேண்டும். ஊர்ப் பெரியவர்களிடம், "பெருமழையில் தண்ணீர் எதுவரை வரும்?" என்று கேட்க வேண்டும். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் 2007இல் தமிழ்நாட்டில் தனிச்சட்டமே இயற்றப்பட்டுள்ளது. விற்றவர் சென்றுவிடுவார், இடிபடுவது வாங்கியவர் வீடே.

நீரில் மக்கள் அனைவருக்கும் பங்குண்டு என்பதும், அண்டை வீட்டாரின் உரிமையைப் பேண வேண்டும் என்பதும் அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனைகள். ஏரிக்கரையில் குடியேறுவோர்க்கு ஏரியும் ஓர் அண்டை வீட்டாரே. அதன் எல்லையை மதித்து, குப்பையும் கழிவும் கொட்டாமல் வாழ்வோமாயின், அது கிணற்றை நிறைக்கும், காற்றைக் குளிர்விக்கும். எல்லையை மீறினால், ஒரு மழைக்காலத்தில் அது நம் வாயிலுக்கே வந்து தன் உரிமையைக் கேட்கும்.

ஏரிக்கரை வாழ்வு நலமே. ஏரிக்கும் அங்கே வாழ இடமிருக்கும் வரை!